எம்.எஸ். நோயோடு அடுப்படி, குளியலறை, வேலை: கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய், சுருக்கமாக எம்.எஸ்., உள்ளவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்ட கேள்விகள் இவை. நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது நோயோடு அன்றாட வேலைகளைச் செய்ய வழிகாட்டுபவர். அரசாங்க மருத்துவமனையில் ‘பெமுலிஹான் சாராகெர்ஜா’ என்று மலாயில் பலகை மாட்டியிருக்கும் பிரிவு எங்களுடையது. மருந்து பற்றி நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். குளிப்பது, சமைப்பது, வேலைக்குப் போவது பற்றி என்னிடம் கேட்கலாம்.

காலையில் நன்றாக இருக்கிறேன். பதினோரு மணிக்கு மேல் அடுப்படியில் நின்றால் கால் துவண்டு, கண் மங்குகிறது. நோய் முற்றிவிட்டதா? (லயத்து வீட்டில் இருக்கும் அக்கா)

அக்கா, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சூடுதான் காரணம் போலத் தெரிகிறது. எம்.எஸ். வந்தால், மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பைச் சுற்றியுள்ள மையலின் உறையை நம் எதிர்ப்புச் சக்தியே தாக்குகிறது. உறை பழுதான நரம்பு, உடல் சூடு அரை டிகிரி ஏறினாலே தடுமாறும். 1890இல் ஊத்தோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் இதைக் கவனித்து எழுதினார். உடம்பு குளிர்ந்ததும் கண்ணும் காலும் பழைய நிலைக்கு வந்துவிடும். நரம்பில் புதிய சேதம் இல்லை. ஆனால் புதிதாக வந்த தொந்தரவு 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் போய்விடுங்கள். காய்ச்சல், சிறுநீர் எரிச்சல் இருந்தாலும் சொல்லுங்கள். தொற்று வந்தாலும் இதே தொல்லைகள் கூடும்.

தகரக் கூரைக்கு அடியில் நடுப்பகலில் சமைப்பதை முதலில் நிறுத்துங்கள். வெங்காயம், பூண்டு, இஞ்சி எல்லாம் முதல் நாள் சாயங்காலமே தயாராகட்டும். விடிந்ததும் குளித்துவிட்டு, ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் குழம்பை முடித்துவிடுங்கள். பக்கத்தில் ஐஸ் தண்ணீர் இருக்கட்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். நறுக்குவதை நின்றுகொண்டு செய்யாதீர்கள். மேடை உயரத்துக்கு ஏற்ற, முதுகுச் சாய்வுள்ள நாற்காலி வேண்டும். பாதம் எதன்மேலாவது ஊன்றியிருக்க வேண்டும். நறுக்கும் பலகைக்கு அடியில் ஈரத் துணி விரித்தால் நழுவாது. சோறு வடிப்பதை விட்டுவிடுங்கள், ரைஸ் குக்கர் போதும். கொதிக்கும் சட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பதுதான் எனக்குப் பெரிய பயம். அடுப்பிலிருந்தே தட்டில் பரிமாறுங்கள்.

மருமகள் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறாள். ஒரு வாளித் துணி துவைத்தால் படுத்துவிடுகிறாள். சோம்பல்தானே? (ஒரு மாமியார்)

இல்லை அம்மா. எம்.எஸ். உள்ளவர்களில் பெரும்பாலோரை வாட்டுவது இந்த அசதிதான். ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்தாலும் போகாது, வெளியிலும் தெரியாது. தெரியாததால்தான் நல்ல பெண்கள் கெட்ட பெயர் வாங்குகிறார்கள்; எனக்கு அதுதான் ஆற்றாமை.

ஒரு வாரம் அவர் எந்த நேரத்தில் தெம்பாக இருக்கிறார், எந்த வேலைக்குப் பின் சாய்கிறார் என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். களைத்த பிறகு ஓய்வு எடுத்தால் தேற வெகுநேரம் ஆகும், களைப்பதற்கு முன்பே உட்கார வேண்டும். அப்புறம், எந்த வேலையை விட மனம் இல்லை என்று அவரிடமே கேளுங்கள். தமிழ்ப்பள்ளிக்குப் போகும் மகளுக்குத் தலை பின்னிவிடுவதுதான் முக்கியம் என்றால், காலைத் தெம்பு அதற்குப் போகட்டும், துணி வாஷிங் மெஷினுக்குப் போகட்டும். பாவம் என்று எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். அதுவும் ஆளை முடக்கிவிடும்.

அப்பா குளியலறையில் இரண்டு முறை விழுந்துவிட்டார். எங்கள் வீட்டில் குந்தி உட்காரும் கழிவறை. (கல்லூரி மாணவர்)

தம்பி, துண்டு மாட்டும் கம்பியைப் பிடித்து எழுகிறாரா என்று இன்றைக்கே பாருங்கள். அது ஆள் எடையைத் தாங்காது. கைப்பிடிக் கம்பியைச் செங்கல் சுவரில் துளையிட்டு இறுக்க வேண்டும். பலகைத் தடுப்பில் வேண்டாம். நடுவில் ஓட்டையுள்ள கமோட் நாற்காலியைக் குந்தும் பீங்கானுக்கு மேல் வைக்கலாம், நான்கு காலும் ஆடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். குளிக்க ரப்பர் கால் போட்ட ஸ்டூல். பாதம் தூக்க வராதவருக்கு ஜப்பான் சிலிப்பர் (விரலிடுக்கு ரப்பர் செருப்பு) ஆகாது, குதிகாலில் வார் உள்ள செருப்பு வாங்குங்கள். வாசற்படி ஓரத்தில் மஞ்சள் டேப் ஒட்டினால் மங்கிய கண்ணுக்கும் படி தெரியும்.

கை நடுங்குகிறது, விரலும் மரத்திருக்கிறது. எப்படிச் சாப்பிடுவது? (ஓய்வு பெற்ற மண்டோர், அதாவது தோட்டக் கங்காணி)

ஐயா, முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு சாப்பிடுங்கள். ஓரம் உயர்ந்த தட்டும் தடித்த பிடியுள்ள கரண்டியும் உதவும். கனமான கரண்டி சிலருக்கு நடுக்கத்தைக் குறைக்கும், சிலருக்குக் கையைக் களைக்க வைத்துவிடும். வாங்குவதற்கு முன் எங்களிடம் வந்து பிடித்துப் பாருங்கள். மரத்த விரலால் வெந்நீரைச் சோதிக்காதீர்கள்.

கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. விட்டுவிடச் சொல்கிறார்கள். (29 வயதுத் தங்கை)

அவசரப்பட்டு ராஜினாமாக் கடிதம் கொடுக்காதே அம்மா. சூடான பிரிவிலிருந்து பேக்கிங்குக்கோ அலுவலகத்துக்கோ மாற்றிக் கேள். நிரந்தரக் காலை ஷிப்டும் கேட்டுப் பார். எது முடியும், எது முடியாது என்று நாங்கள் அறிக்கை எழுதித் தரலாம். சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் சந்தா பிடித்திருந்தால், வேலையால் வராத நோய்க்கும் இயலாமைத் திட்டம் உண்டு. மீண்டும் வேலைக்குத் திரும்ப உதவும் திட்டமும் 2007இலிருந்து நடக்கிறது. உனக்குத் தகுதி இருக்கிறதா என்று சொக்சோ அலுவலகத்தில் கேள். சமூகநல இலாகாவில் ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டைக்குப் பதிவதைப் பற்றியும் உன் டாக்டரிடம் பேசு. மருத்துவ அறிக்கைகளின் நகல் ஒன்று எப்போதும் உன் கையில் இருக்கட்டும்.