கஞ்சா பழக்கத்துக்குச் சிகிச்சை பெறும் என் தம்பிக்கு மோகா (MoCA) என்ற நினைவு, சிந்தனைத் திறன் தேர்வில் 30-க்கு 23 வந்திருக்கிறது. மூளை பாதித்துவிட்டதா?

தம்பிக்கு 24 வயது, எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் 23-ஐ மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. போதை மீட்பு மையத்தில் இந்தத் தேர்வை நடத்துவது என் வேலை. மதிப்பெண்ணுக்கு முன்னால் என் கண் போவது எத்தனை வருஷம் படித்தார் என்ற கட்டத்துக்குத்தான்.

மோகா 2005-இல் வெளியானது, வயதானவர்களின் ஆரம்பகட்ட மறதியைக் கண்டுபிடிக்க. 26-க்குக் கீழே போனால் சந்தேகம் என்ற கோடும் அங்கிருந்து வந்ததுதான். படிப்பு 12 வருஷமோ அதற்குக் குறைவோ என்றால் 1 மதிப்பெண் கூட்ட வேண்டும். தம்பிக்குக் கூட்டினார்களா என்று முதலில் கேளுங்கள். கூட்டினாலும் எட்டாவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் அதே 1 தான், என்ன கணக்கோ! அமெரிக்காவின் டாலஸில் சாதாரண மக்களிடம் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்விலேயே மூன்றில் இரண்டு பங்கினர் 26-ஐத் தொடவில்லை.

பள்ளியைச் சீக்கிரம் விட்ட ஒருவரிடம் கனசதுரத்தைப் பார்த்து வரையச் சொன்னேன். பென்சிலை முஷ்டியில் பிடித்து, சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்டு நிறுத்திவிட்டார். ஆனால் தேர்வில் நினைவில் வைக்கச் சொல்லிப் படித்துக்காட்டும் ஐந்து சொற்களையும், ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது ஒன்றுவிடாமல் சொன்னார். கஞ்சா அதிகம் கைவைப்பதே இந்தச் சொல் நினைவில்தான். இன்னொருவர் பட்டதாரி, மொத்தம் 27. ஆனால் ஐந்தில் இரண்டு சொல்தான் நினைவுக்கு வந்தது. எனக்குக் கவலை அவரைப் பற்றித்தான். படிப்பு மற்ற கேள்விகளில் அவரைத் தூக்கிவிட்டது.

வயது 24-இல் மதிப்பெண்ணைக் குறைக்காது. ஐம்பது, அறுபதைத் தாண்டினால்தான் அந்தக் கணக்கு. ஆண், பெண் வித்தியாசம் சொற்பம்.

சிக்கல் என்னவென்றால், சின்ன வயதில் புகைக்க ஆரம்பித்தவர்கள் பலர் பள்ளியையும் சீக்கிரம் விடுகிறார்கள். எது எதனால் என்று பிரிப்பது கஷ்டம். நியூசிலாந்தின் டனீடன் ஆய்வு, பதின்வயதில் தொடங்கி விடாமல் புகைத்தவர்களுக்கு ஐ.க்யூ. 8 புள்ளி வரை குறைந்ததாக 2012-இல் சொன்னது. குடும்ப வசதி வித்தியாசத்தாலும் இப்படி வரலாமே என்று அடுத்த வருஷமே எதிர்வாதம் வந்துவிட்டது.

தம்பி கடைசியாகப் புகைத்து எத்தனை நாள் கழித்துத் தேர்வு வைத்தார்கள்? மூன்று நாளுக்கு மேல் விட்டிருந்தாலே குறைபாடு கணிசமாகச் சுருங்குவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. சில வாரம் கழித்து மோகாவின் மாற்று வினாத்தாளில் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். மொத்தத்தை விடுங்கள், ஐந்து சொல் வரிசையில் இப்போது எத்தனை, அப்போது எத்தனை என்று பாருங்கள்.