இணையச் சேவை நிறுவனங்களுக்கு அரசுக் கடிவாளம் தேவையா? கேள்வி பதில்

இணையச் சேவை நிறுவனங்களை அரசு கட்டுப்படுத்தலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். அப்படிப்பட்ட நிறுவனம் ஒன்றின் வலையமைப்புப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நடுநிலையாளன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். என் பக்கம் எது என்பது போகப் போகத் தெரிந்துவிடும்.

இணையச் சமநிலை என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

கம்பியில் யாருடைய சரக்கு போகிறது என்று பார்த்து நிறுவனம் ஓரவஞ்சனை செய்யக் கூடாது. அவ்வளவுதான். 2003இல் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் டிம் வூ இதற்கு ஆங்கிலத்தில் பெயர் சூட்டினார்.

நிறுவனங்கள் உண்மையில் அப்படிச் செய்திருக்கின்றனவா, இல்லை வெறும் பயமா?

செய்திருக்கின்றன. 2005இல் மேடிசன் ரிவர் என்ற அமெரிக்க நிறுவனம் தன் தொலைபேசி வருமானத்தைக் காப்பாற்ற இணையவழி அழைப்புகளை அடைத்தது. 15,000 டாலர் கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டது. 2007இல் காம்காஸ்ட் என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனம் செய்தது இன்னும் நூதனமானது. பிட்டோரன்ட் என்ற கோப்புப் பகிர்வு முறை வழியாக இரண்டு கணினிகள் கோப்பு பகிர்ந்துகொண்டிருக்கும். நடுவில் இருக்கும் நிறுவனம், ஒருவர் பெயரில் மற்றவருக்கு ‘இணைப்பை முறித்துக்கொள்கிறேன்’ என்று பொய்ப் பொட்டலம் (இணையத்தில் போகும் தரவின் சிறு துண்டு) அனுப்பும். அதை நம்பி இரு கணினிகளும் விலகிவிடும். கடிதம் கொண்டுவரும் தபால்காரரே உங்கள் கையெழுத்தைப் போட்டு நண்பருக்குப் பிரிவுக் கடிதம் எழுதிய மாதிரி. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் பைபிளையே அனுப்பிச் சோதித்தது. அதற்கும் அதே கதிதான்.

எங்கள் வீட்டு இணைப்பு இரவில் மட்டும் நொண்டுகிறது. வேண்டுமென்றே குறைக்கிறார்களா?

பெரும்பாலும் இல்லை. ஆனால் ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லை நாம் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் அறையில், மற்ற நிறுவனங்களின் வலையமைப்போடு எங்களைச் சேர்க்கும் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு வரைபடம் ஓடும். நல்ல இணைப்பில் மாலை ஏறும், ஒன்பது பத்து மணிக்கு உச்சி தொடும், நள்ளிரவில் இறங்கும். பார்க்க ஒரு குன்று போல இருக்கும். கொள்ளளவு போதாத இணைப்பில் அந்தக் குன்றின் தலையை வாளால் சீவியது போல உச்சி தட்டையாகிவிடும். அந்தத் தட்டைக் கோட்டின் நேரம் முழுவதும் பொட்டலங்கள் உதிர்ந்துகொண்டிருக்கின்றன என்று அர்த்தம். ஒருமுறை இப்படி மாதக்கணக்கில் தட்டையாகக் கிடந்த ஓர் இணைப்பைப் பெரிதாக்கலாமா என்று மேலே கேட்டேன். செலவு பெரிதில்லை, ஓர் அட்டை செருகினால் போதும். “அந்தப் பக்கத்து வீடியோ நிறுவனம் பணம் தரட்டும், பிறகு பார்க்கலாம்” என்று பதில் வந்தது. யாரும் எதையும் குறைக்கவில்லை, சும்மா இருந்தார்கள். விதிமுறைகள் பெரும்பாலும் செயலைத்தான் தடுக்கின்றன, சும்மா இருப்பதைப் பிடிப்பது கடினம்.

எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதை நிறுவனத்திடமிருந்து மறைக்கும் வி.பி.என். செயலியைப் போட்டால் வேகம் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பினாலும் உடனே சண்டைக்குப் போக வேண்டாம். பாதை மாறியதாலும் அப்படி நடக்கும்.

எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் வீடியோ அழைப்பு திணறாதா?

திணறும். அதனால்தான் எந்த நல்ல விதியும் அப்படிச் சொல்வதில்லை. அழைப்பு தாமதத்தைத் தாங்காது, மின்னஞ்சல் தாங்கும். எனவே அழைப்பை முன்னால் விடலாம். என் கூட்டாளியின் அழைப்பை மட்டும் முன்னால் விடக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறையும் இந்தக் கோட்டைத்தான் போடுகிறது: தொழில்நுட்பத் தேவைக்காகப் பிரிக்கலாம், வணிக ஆதாயத்துக்காகப் பிரிக்கக் கூடாது.

சில தளங்களை இலவசமாகத் தருவதைக்கூட ஏன் தடுக்கிறார்கள்? ஏழைகளுக்கு ஒன்றும் இல்லாததற்கு அது மேல் அல்லவா?

எனக்கு வரும் கேள்விகளில் இதற்குத்தான் பதில் சொல்லத் தயங்குவேன். தேர்ந்தெடுத்த சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் ஃபேஸ்புக்கின் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ இந்தியாவுக்கு இந்த வாதத்தோடுதான் வந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 பிப்ரவரி 8 அன்று உள்ளடக்கத்தைப் பார்த்து விலை மாற்றுவதைத் தடை செய்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம். சரியான முடிவு என்றே நினைக்கிறேன். இலவசம் தருவது தவறில்லை; எது இலவசம் என்று ஒரே நிறுவனம் தீர்மானிப்பதுதான் தவறு. இவ்வளவு தரவு இலவசம், எங்கே வேண்டுமானாலும் செலவழியுங்கள் என்று சொல்ல யார் தடுத்தார்கள்?

கட்டுப்பாடு வந்தால் முதலீடு ஓடிவிடும் என்கிறார்களே?

இரு தரப்பும் தனக்கேற்ற கணக்கோடு வரும். நான் பார்த்தவரை, எப்போது கம்பி இழுப்பது என்பதை அடுத்த தலைமுறைத் தொழில்நுட்பமும் எதிர்க்கடைக்காரரும்தான் முடிவு செய்கிறார்கள். முதலீட்டாளர் வெறுப்பது விதியை அல்ல, ஊஞ்சலை. அமெரிக்காவில் 2015இல் இணையச் சமநிலை விதி வந்தது, 2017இல் நீக்க வாக்களித்தார்கள், 2024இல் மீண்டும் கொண்டுவந்தார்கள், 2025 ஜனவரியில் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. இத்தனை ஆட்டமும் இணையச் சேவை சட்டத்தின் எந்தப் பெட்டியில், அதாவது எந்த வகையில், சேரும் என்பதற்காக. கடுமையான விதிகள் கொண்ட பெட்டி, தொலைபேசி காலத்தில் எழுதிய 1934ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது.

பெரிய வீடியோ நிறுவனங்கள் கம்பிச் செலவில் பங்கு தர வேண்டாமா?

வீடியோ தானாக வந்து குவிவதில்லை. சந்தாதாரர் கேட்பதால் வருகிறது, அதற்கு அவர் ஏற்கெனவே கட்டணம் கட்டிவிட்டார். தென் கொரியாவில் இந்தப் பங்கு கேட்கும் வழக்கம் முற்றியது. பிற நாடுகளைவிடப் பத்து மடங்கு செலவாகிறது என்று சொல்லி 2024 பிப்ரவரியில் நேரலை வீடியோ தளமான ட்விட்ச் அங்கே கடையை மூடியது.

அரசிடம் அதிகாரம் கொடுத்தால் வேலியே பயிரை மேயாதா?

மேயும். சமநிலை விதி நிறுவனத்தைத்தான் கட்டும், அரசைக் கட்டாது. ஐரோப்பிய ஒழுங்குமுறையிலும் சட்டப்படியான உத்தரவுக்கு விலக்கு உண்டு. அரசே இணையத்தை முடக்குவதற்கு எதிரான போராட்டத்தை வேறு இடத்தில் நடத்த வேண்டும்.

நாலைந்து நிறுவனங்கள் போட்டியிட்டால் சட்டமே தேவையில்லையே?

பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன். பிரிட்டனில் 2006இல் பி.டி. என்ற பெரிய தொலைபேசி நிறுவனத்தின் கம்பிப் பிரிவை ஓபன்ரீச் என்று தனியே பிரித்து, போட்டியாளர்களுக்கும் அதே நிபந்தனையில் தர வைத்தார்கள். வீட்டுக்குப் போகும் கம்பி ஒன்றாக இருந்தாலும் விற்பவர்கள் பலராக முடிந்தது. பல ஊர்களில் இதுவே முதல் மருந்து.

மீதிப் பாதிதான் இடிக்கிறது. உங்களுக்கு ஐந்து நிறுவனங்கள் இருக்கலாம். ஆனால் புதிதாகத் தளம் தொடங்கிய ஒருவர் உங்களை எட்ட வேண்டுமானால், நீங்கள் இன்று எந்த நிறுவனத்தில் இருக்கிறீர்களோ அதன் கதவு ஒன்றுதான் அவருக்கு. உங்கள் பக்கம் சந்தை, அவர் பக்கம் ஏகபோகம். அந்தக் கதவை மெதுவாகத் திறந்தால் நீங்கள் நிறுவனத்தை மாற்ற மாட்டீர்கள். அந்தத் தளம்தான் மட்டம் என்று நினைத்து மூடிவிடுவீர்கள்.