சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரைக்கும் குதிகால் வலிக்கும் தொடர்பு உண்டா?

சிறுநீர்த் தொற்றுக்காகச் சிப்ரோஃப்ளாக்சசின் உட்கொள்ளும்போது குதிகாலுக்கு மேலே வலி தோன்றினால் மருந்தைச் சந்தேகிக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம், முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் முதலிய ஃப்ளூரோகுவினோலோன் வகை நுண்ணுயிர்க்கொல்லி (ஆன்டிபயாடிக்) மருந்துகள் தசைநாண்களை, குறிப்பாகக் கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்புடன் இணைக்கும் அக்கிலீஸ் தசைநாணை, நலிவுறச் செய்து அரிதாக அறுந்துபோகவும் வைக்கும் என்பதால், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2008-இல் இவற்றின் மருந்துக் குறிப்புகளில் கட்டமிட்ட எச்சரிக்கையை (அந்த நிர்வாகத்தின் மிகக் கடுமையான எச்சரிக்கை வகை) கட்டாயமாக்கியது. 60 வயதைக் கடந்தவர்களுக்கும், ஸ்டீராய்டு உட்கொள்பவர்களுக்கும், சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களுக்கும் ஆபத்து கூடுதல். மருந்தை நிறுத்திச் சில மாதங்கள் கழிந்த பின்னும் இந்தத் தசைநாண் பாதிப்பு நேரலாம். ஆகவே வலி தொடங்கியதும் காலுக்கு ஓய்வு கொடுத்து, அன்றே மருத்துவரிடம் தெரிவித்து, வேறு வகை மருந்துக்கு மாறலாமா என்று கேளுங்கள். தைலம் தேய்த்துக்கொண்டு நடைப்பயிற்சியைத் தொடர்வதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.