ஓல்டம் தேர்தல் முடிவைப் பார்த்துக் கலங்கியிருக்கும் தம்பிக்கு

தம்பிக்கு வணக்கம்.

ஜனவரியில் இங்கிலாந்தில் மான்செஸ்டரை அடுத்த ஓல்டமில் குடியேறியதாகவும், 2024 மே 2-ஆம் தேதி நடந்த கவுன்சில் தேர்தலில் லேபர் கட்சி பெரும்பான்மையை இழந்த செய்தியைப் படித்ததாகவும், அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளிலும் கவுன்சில் தலைவராக இருந்தவர் வரிசையாகத் தோற்றிருக்கிறார் என்பதைக் கேட்டு, 'இது என்ன ஊர், இங்கேயே இருக்கலாமா, மான்செஸ்டருக்கு அந்தப் பக்கம் போய்விடலாமா' என்று மனைவி தினமும் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கூடவே விசா, வாடகை, பள்ளிக்கூடம், கறிவேப்பிலை கிடைக்கும் கடை என்று ஒரு பட்டியலும் இருக்கிறது. விசாவுக்கும் கவுன்சிலுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. யார் ஜெயித்தாலும் உங்கள் விசாவில் ஓர் எழுத்துகூட மாறாது. கறிவேப்பிலைக்கு வழி சொல்ல நூறு பேர் வருவார்கள். என் பிள்ளைகள் படித்து முடித்து வெகு காலமாகிவிட்டதால் பள்ளிக்கூடத்தைப் பற்றி நான் பேசுவது பொருந்தாது. தேர்தலைப் பற்றி மட்டும், அதில் நானும் ஒரு காலத்தில் உங்களைப் போலவே பயந்தவன் என்பதால், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நான் இங்கே வந்தது 2002 ஜனவரியில். அதற்கு முந்தைய மே மாதக் கடைசியில்தான் ஓல்டமில் இனக் கலவரம் நடந்திருந்தது. அடுத்த மாதமே நடந்த பொதுத் தேர்தலில் வெள்ளையர் நலம் பேசும் பிஎன்பி கட்சியின் தலைவர் ஓல்டம் மேற்கு, ராய்டன் தொகுதியில் நின்று 6,552 வாக்குகள் வாங்கியிருந்தார். லண்டனில் இருந்த நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் 'ஓல்டமா? வேறு வேலையே கிடைக்கவில்லையா?' என்றார்கள். வெர்னத் பகுதியில் சுவரில் ஈரம் கசியும் ஒரு வரிசை வீட்டின் மாடியறையில் இருந்துகொண்டு, அந்த ஆண்டு மே மாதக் கவுன்சில் தேர்தலை நான் நாள் எண்ணிக் காத்திருந்தேன். அதிகத் தொலைவில்லாத பர்ன்லியில் அந்தக் கட்சி மூன்று இடங்களைப் பிடித்தது. ஓல்டமில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. செய்தித்தாள்களில் பெயர் கெட்டிருந்த ஓல்டம் வேறு, வாக்குப் பெட்டியில் பதில் சொன்ன ஓல்டம் வேறு என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஆகவே, முதல் எச்சரிக்கை: தலைப்புச் செய்தியை வைத்து வீட்டைக் காலி செய்யாதீர்கள்.

இங்கே முடிவுகளை வார்டு வாரியாகப் படிக்க வேண்டும். ஓல்டமில் 20 வார்டுகள், வார்டுக்கு மூன்று கவுன்சிலர்கள், ஆக 60 பேர். பெரும்பாலான மெட்ரோபாலிட்டன் மாவட்டங்களை, அதாவது பெருநகரப் பகுதிகளின் உள்ளாட்சி மாவட்டங்களைப் போல இங்கும் மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்கு மட்டும் ஓர் ஆண்டில் தேர்தல். இப்படி மூன்று ஆண்டுகள் நடந்த பிறகு நான்காவது ஆண்டு விடுமுறை. 2023-ல் மட்டும் வார்டு எல்லைகள் மாற்றி வரையப்பட்டதால் 60 இடங்களுக்கும் ஒரே நாளில் தேர்தல் நடந்தது. அன்று ஒவ்வொரு வாக்காளருக்கும் மூன்று வாக்குகள். ஒவ்வொரு வார்டிலும் மூன்றாவதாக வந்தவரின் பதவிதான் 2024-ல் முடிந்தது, அதற்குத்தான் அந்த மே மாதம் தேர்தல். அதாவது, நீங்கள் படித்த முடிவு 60 இடங்களின் முடிவன்று, 20 இடங்களின் முடிவு. பெரும்பான்மைக்கு 31 வேண்டும். லேபர் அதற்குக் கீழே இறங்கியது. ஆனாலும் அதற்குப் பிறகும் பழைய தலைவரே தலைவராக நீடித்தார், குப்பை வண்டி வழக்கமான நாளில் வந்தது.

அந்த மூன்று தலைவர்கள் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் உங்களை அதிகம் பயமுறுத்தியிருக்கிறது. 2021-ல் ஷான் ஃபீல்டிங் ஃபெயில்ஸ்வொர்த் மேற்கு வார்டில், 2022-ல் அரூஜ் ஷா சாடர்டன் தெற்கில், 2023-ல் அமாண்டா சாடர்டன் ராய்டன் தெற்கில் தோற்றார்கள். (சாடர்டன் என்பது ஊர்ப் பெயராகவும் அவருடைய குடும்பப் பெயராகவும் இருப்பது தற்செயல், குழம்ப வேண்டாம்.) நம் ஊரில் மேயர் என்றால் மாநகராட்சியின் முகம், இங்கே கழுத்தில் சங்கிலி போட்டுக்கொண்டு விழாக்களுக்கு வரும் மேயருக்கு நிர்வாக அதிகாரம் எதுவும் கிடையாது, அதிகாரம் எல்லாம் கவுன்சிலர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் தலைவரிடம். அந்தத் தலைவரோ ஏதோ ஒரு வார்டின் சாதாரணக் கவுன்சிலர். அந்த வார்டின் சில ஆயிரம் வாக்காளர்கள் கோபித்துக்கொண்டால் அவர் கதை முடிந்தது. அரூஜ் ஷா மறு ஆண்டே செயின்ட் மேரீஸ் வார்டில் ஜெயித்துத் திரும்பவும் தலைவரானார் என்பதையும் சேர்த்துப் படித்தால் இதில் பேரழிவு எதுவும் தெரியாது.

கோபம் ஏன் வருகிறது என்று கேட்டால், அதன் வேர் 1974-ல் இருக்கிறது. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் தேதி ஓல்டம் நகரத்தோடு சாடர்டன், ராய்டன், க்ராம்டன், ஃபெயில்ஸ்வொர்த், லீஸ் என்று தனித்தனிக் கவுன்சில் வைத்திருந்த சிற்றூர்களையும், யார்க்ஷயரைச் சேர்ந்திருந்த சாடில்வொர்த் மலைக் கிராமங்களையும் இணைத்து இந்த மாவட்டத்தை உருவாக்கினார்கள். சாடில்வொர்த்தில் இன்றைக்கும் ஆகஸ்ட் முதல் தேதி யார்க்ஷயர் நாள் கொண்டாடுகிறார்கள். வரியெல்லாம் எங்களிடம் வசூலித்து ஓல்டம் கடைத்தெருவுக்குச் செலவழிக்கிறார்கள் என்பது இந்த ஊர்களின் ஐம்பது ஆண்டுப் புலம்பல். நான் சிங்காநல்லூர்க்காரன், 1981-ல் எங்கள் நகராட்சியைக் கோவை மாநகராட்சியோடு சேர்த்தபோது என் தாய்மாமன் பேசியதை அப்படியே ராய்டன் கிழவர்கள் பேசுகிறார்கள். ஃபெயில்ஸ்வொர்த்தில் உள்ளூர்ப் பெயரிலேயே ஒரு சுயேச்சைக் கட்சி வளர்ந்ததற்கும் ராய்டனில் சுயேச்சை ஜெயித்ததற்கும் இந்தப் புலம்பல் பெரிய காரணம். 2024-ல் நகர மையத்தை ஒட்டிய, முஸ்லிம்கள் அதிகம் வாழும் வார்டுகளில் காசா குறித்த லேபரின் நிலைப்பாட்டின் மீதான கோபமும் சுயேச்சைகளுக்குப் போயிற்று. இரண்டு கோபங்களும் வெவ்வேறு. இரண்டிலும் உங்கள் மீதோ என் மீதோ கோபம் இல்லை.

இனி, நீங்கள் கேட்காமல் விட்டதுதான் எனக்கு முக்கியம். தேர்தலைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள், 'நாம் வெளிநாட்டுக்காரர்கள், நமக்கு வாக்கு கிடையாது அல்லவா' என்று ஒரே வரியில் கடந்துபோய்விட்டீர்கள். கிடையாது என்று உங்களுக்கு யார் சொன்னது? இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். பதினெட்டு வயது நிறைந்து, செல்லுபடியாகும் விசாவோடு இங்கே வசிக்கும் காமன்வெல்த் குடிமகனுக்குக் கவுன்சில் தேர்தலிலும் வாக்கு உண்டு, நாடாளுமன்றத் தேர்தலிலும் உண்டு. மாணவ விசாவில் வந்தவருக்கும் உண்டு. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நாளைக்கு வங்கிக் கடன் கேட்கும்போது முகவரியைச் சரிபார்க்கவும் உதவும் என்பது கூடுதல் லாபம். இது தெரியாமலே பத்து ஆண்டுகள் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். பிரிட்டிஷ் குடியுரிமையே வாங்கிவிட்டுப் பதியாமல் இருப்பவர்களையும் தெரியும். தமிழ்நாட்டு வாக்கு எண்ணிக்கை என்றால் விடுப்பு எடுத்துக்கொண்டு விடியற்காலையிலிருந்து தொலைக்காட்சி முன்னால் உட்காரும் இவர்களிடம், உங்கள் வார்டின் பெயர் என்ன என்று கேட்டுப் பாருங்கள், விழிப்பார்கள். 2016-லிருந்து 2022 வரை நம் ஊர் நகரங்களில் கவுன்சிலரே இல்லாமல் இருந்ததைக் குறை சொன்ன வாய்தான், இங்கே நான்கில் மூன்று ஆண்டுகள் தேர்தல் வந்தும் 'யார் வந்தால் என்ன' என்கிறது.

யார் வந்தால் என்ன என்று நானும் ஒரு வருடம் இருந்தவன்தான். வெர்னத் வீட்டுக்காரர் வாடகையிலேயே கவுன்சில் வரியும் (வீட்டுக்குக் கட்டும் உள்ளாட்சி வரி) அடக்கம் என்று வாயால் சொல்லிவிட்டு ஒரு பென்னி கட்டாமல் விட்டிருந்தார். நீதிமன்ற அழைப்பாணை என் பெயருக்கு வந்தது. (நீங்களும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்; தனியாக இருப்பவருக்கு வரியில் கால் பங்கு கழிவு உண்டு என்பதையும் எனக்கு யாரும் சொல்லவில்லை.) கதவடியில் கிடந்த ஒரு துண்டறிக்கையில், கவுன்சிலரின் 'சர்ஜரி' சனிக்கிழமை பத்து மணிக்கு நூலகத்தில் என்று போட்டிருந்ததை நான் இலவச மருத்துவ முகாம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். குறை கேட்கும் நேரத்துக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. போனேன், அந்த மனிதர் என் காகிதங்களை நூலக மேசையில் வரிசையாகப் பரப்பி, தேதிவாரியாக அடுக்கி, திங்கட்கிழமை ஒரு தொலைபேசி அழைப்பில் தவணை ஏற்பாடு வாங்கிக் கொடுத்தார். எந்தக் கட்சிக்கு வாக்களிப்பாய் என்று கேட்கவில்லை.

என் முதல் வாக்கு 2004 ஜூனில். அந்த முறை வடமேற்கு இங்கிலாந்து முழுவதும் வாக்குச்சாவடியே கிடையாது, எல்லாருக்கும் தபால் வாக்கு என்று சோதனை செய்து பார்த்தார்கள். உறைக்குள் இருந்த உறுதிமொழித் தாளில் ஒரு சாட்சி கையெழுத்திட வேண்டும் என்றிருந்தது. சாட்சிக்கு நான் யாரிடம் போவது? இரண்டு வருடமாகத் தலையசைப்போடு நிறுத்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பாட்டியின் கதவைத் தட்டினேன். வேலையிடத்தில் என் ஆங்கிலத்தை மூன்று முறை சொன்னால்தான் புரிந்துகொள்வார்கள். இந்தப் பாட்டிக்கு ஒரே முறையில் புரிந்தது. நூற்பாலை இரைச்சலில் வேலை செய்தவர்கள் இங்கே உதட்டசைவைப் பார்த்தே பேசிப் பழகியிருக்கிறார்கள். பதினைந்து வயதிலிருந்து ஸ்பின்னிங் ஓட்டியவர் அவர், என் காது கேட்காத அப்பாவைப் போலவே என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் அப்பா சிங்காநல்லூர் மில்லில் ஃபிட்டர். இயந்திரத்தின் வார்ப்பிரும்புச் சட்டத்தில் புடைப்பாக இருந்த எழுத்துகளை எண்ணெய்த் துணியால் துடைத்து, 'பிளாட் பிரதர்ஸ், ஓல்டம்' என்று எனக்குச் சிறுவயதில் வாசித்துக் காட்டியிருக்கிறார். எனக்கு இங்கே வேலை கிடைத்ததைத் தொலைபேசியில் சொன்னபோது, 'அந்த மிஷின் ஊரா?' என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி. அதைச் சொன்னதும் பாட்டி சிரித்துவிட்டு, பிளாட்ஸ் தொழிற்சாலை இருந்த பக்கம் சன்னல் வழியாகக் கையைக் காட்டினார். பிறகு என் வாக்குச்சீட்டு கண்ணில் படாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு, நான் உறையை ஒட்டி முடித்த பிறகே சாட்சிக் கையெழுத்தைப் போட்டார்.

அந்த முகத் திருப்பலை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த எச்சரிக்கையைக் கேளுங்கள். சங்கம், கோவில், சமூகப் பெரியவர் என்று எந்தப் பெயரில் எவர் வீட்டுக்கு வந்து 'தபால் வாக்கை என்னிடம் கொடுங்கள், நான் சேர்த்துவிடுகிறேன்' என்றாலும் கொடுக்காதீர்கள். அதே 2004-ல் பர்மிங்காமின் ஆஸ்டன், போர்ட்ஸ்லி கிரீன் வார்டுகளில் நடந்த தபால் வாக்கு மோசடியால் அந்த இரண்டு முடிவுகளையும் தேர்தல் நீதிமன்றம் மறு ஆண்டு ரத்து செய்தது. இப்போது கட்சிப் பிரசாரகர் பிறருடைய தபால் வாக்கைக் கையில் வாங்குவதே குற்றம், சொந்தக் குடும்பத்தாருடையதையும் தாம் பராமரிப்பவருடையதையும் தவிர.

நேரில் போனால் புகைப்பட அடையாளம் வேண்டும். 2023 மே மாதம் இந்த விதி முதல்முறை வந்தபோது நான் ஒரு சாவடியில் எழுத்தராக உட்கார்ந்திருந்தேன். காலை ஏழிலிருந்து இரவு பத்து வரை. மாலையில் நம் ஊர்ச் செவிலியர் ஒருவர் பணி முடித்து நேராக வந்து, கழுத்தில் தொங்கிய மருத்துவமனை அட்டையைக் காட்டினார். எனக்கு அவரைத் தெரியும், அவர் சமையலைச் சாப்பிட்டிருக்கிறேன். இருந்தாலும் அந்த அட்டை செல்லாது என்று திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. பத்தாவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இந்தியப் பாஸ்போர்ட்டோடு மூச்சு வாங்க ஓடி வந்தார். காமன்வெல்த் பாஸ்போர்ட் செல்லும், 2024 வரை வழங்கிவந்த விசா அட்டையும் செல்லும். முதியவரின் பேருந்து அட்டை செல்லும், இளைஞரின் ரயில் சலுகை அட்டை செல்லாது; இந்த ஓரவஞ்சனையை யார் யோசித்தார்களோ, எனக்கு இன்னும் ஆறவில்லை.

பதிவைக் கடைசி நாள் வரை தள்ளிப்போடாதீர்கள். 2024 ஜூலை 4-ஆம் தேதி பொதுத் தேர்தல் நடந்தது. அதற்குப் பதிய ஜூன் 18 நள்ளிரவு வரைதான் நேரம் இருந்தது. வேலைக்கும் வரிக்கும் தரும் தேசியக் காப்பீட்டு எண் கையில் இருந்தால் பதிவது இணையத்தில் ஐந்து நிமிட வேலை. உங்கள் மனைவியின் பெயரைத் தனியாகப் பதிய வேண்டும். வீட்டுக்கு ஒருவர் எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதிக் கொடுக்கும் பழைய முறை 2014-லேயே போய்விட்டது.