பட்டறைக் கேள்வி பதில்: ஒடுக்கு எடுப்பதும் பெயிண்ட் அடிப்பதும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டிங்கரிங் (ஒடுங்கிய தகட்டை நிமிர்த்துவது), பெயிண்டிங் தொழிலைக் கற்க நினைப்பவர்களும் கற்றுக்கொண்டிருப்பவர்களும் எழுதியவை. இந்தத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றவன் என்ற முறையில், நான் கையால் செய்து பார்த்தவற்றிலிருந்து பதில் எழுதுகிறேன்.

என் மகனுக்கு 16 வயது. பத்தாம் வகுப்பு முடித்துவிட்டான். எங்கள் ஊரில் கார் பெயிண்டிங் பட்டறை வைத்திருப்பவர், "நாளைக்கே அனுப்புங்கள், இரண்டு வருடத்தில் தொழில்காரன் ஆக்கிவிடுகிறேன்" என்கிறார். ஐ.டி.ஐ.யில் சேர்க்கலாம் என்கிறார் என் தம்பி. எது நல்லது? — ஒரு தாய், விருதுநகர்

அம்மா, உங்கள் தம்பி சொல்வதே சரி. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்ட பிறகு, 18 வயது நிறையாதவர்களை எரியும் பொருள்களும் ஆபத்தான இரசாயனங்களும் புழங்கும் வேலையில் அமர்த்தக் கூடாது. தின்னரும் (பெயிண்டை நீர்க்கச் செய்யும் திரவம்) ஹார்டனரும் (இறுகச் செய்யக் கலப்பது) திறந்திருக்கும் பெயிண்ட் பட்டறை அப்படிப்பட்ட இடம்தான். சட்டத்தை ஒருபுறம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், வளர்கிற பிள்ளையின் நுரையீரல் அந்தப் புகையில் இரண்டு வருடம் கிடக்க வேண்டியதில்லை.

தொழிற்பயிற்சி நிலையங்களில் இதற்கென்றே இரண்டு பிரிவுகள் இருக்கின்றன: மெக்கானிக் ஆட்டோ பாடி ரிப்பேர், மெக்கானிக் ஆட்டோ பாடி பெயிண்டிங். இரண்டும் ஓராண்டுப் படிப்புகள். எல்லா நிலையங்களிலும் இவை இருப்பதில்லை என்பதால், விண்ணப்பிக்கும்போதே எந்த ஊரில் இருக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் தகட்டு வேலையைக் கற்பிக்கும் முதல் பிரிவை எடுக்கச் சொல்வேன். தகடு தெரிந்தவன் பெயிண்டிங்கைப் பிறகு பிடித்துக்கொள்வான். பெயிண்டிங் மட்டும் தெரிந்தவன், பிறர் விட்டுவைத்த குறையின் மேல் காலமெல்லாம் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) பூசிக்கொண்டிருப்பான். படிப்பு முடிந்து 18 வயதும் நிறைந்தபின் அதே பட்டறைக்காரரிடம் அனுப்புங்கள். நல்ல மேஸ்திரியின் பக்கத்தில் நின்று கற்பதற்கு ஈடாக எந்த வகுப்பும் இல்லை என்பதையும் நான் மறுக்கவில்லை.

பட்டறையில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. இன்றுவரை பட்டி தேய்க்கும் வேலையைத் தவிர எதுவும் தரவில்லை. ஸ்பிரே கன்னைத் தொட விடுவதில்லை. நான் எப்போதுதான் பெயிண்ட் அடிக்கக் கற்பது? — வாசகர், திருச்செங்கோடு

உங்கள் மனத்தாங்கல் எனக்குப் புரிகிறது. நானும் அந்த எமரித் தாளோடு காலம் கழித்தவன்தான். ஆனால் நீங்கள் செய்துகொண்டிருப்பதுதான் பெயிண்டிங்கின் பெரும்பகுதி என்பதை மனதில் வையுங்கள். ஒரு கதவுக்குக் கன் பிடிப்பது அரை மணி நேரம். அந்தக் கதவை அதற்குத் தயார் செய்வது ஒன்றரை நாள். மேலே அடிக்கும் பளபளப்பான பெயிண்ட் அடியில் உள்ள குறையை மறைக்காது, வெளிச்சத்தில் எடுத்துக் காட்டிவிடும்.

தேய்ப்பதிலேயே நீங்கள் கற்றாக வேண்டியவை நிறைய உண்டு. முதலாவது பட்டி கலப்பது. எலுமிச்சை அளவு பட்டிக்குப் பட்டாணி அளவு ஹார்டனர் போதும். எடைக் கணக்கில் நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு. சீக்கிரம் காயட்டும் என்று கூடுதலாகச் சேர்த்தால், மீதமாகும் ஹார்டனர் மேலே ஏறி, பெயிண்ட் அடித்த சில வாரங்களில் கறையாக வெளியே தெரியும். கரண்டியால் கடையாமல் மடித்து மடித்து அழுத்திக் கலக்க வேண்டும். கடைந்தால் காற்று புகுந்து, தேய்க்கும்போது ஊசிக்கண் துளைகள் வரும். தடிமன் 2, 3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டும் இடத்தில் ஒடுக்கு இன்னும் சரியாக எடுபடவில்லை என்று பொருள், அதை டிங்கரிடம் திருப்பி அனுப்புவதுதான் முறை.

இரண்டாவது, பல பட்டறைகளில் நடக்கும் ஒரு தவறு: பாலியஸ்டர் பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது. தூசி பறக்காது, கைக்கும் சுகமாக இருக்கும். ஆனால் பட்டி அந்தத் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மேலே பிரைமரும் பெயிண்டும் மூடியபின் அந்த ஈரம் தகட்டைத் துருப்பிடிக்கச் செய்து, மழைக்காலம் ஒன்று கடந்ததும் கொப்புளமாக எழும். பட்டியை உலர்வாகவே, மூக்கில் தூசு முகமூடி அணிந்து, 80ஆம் எண் தாளில் தொடங்கி 120, 180, 320 என்று ஏறுவரிசையில் தேயுங்கள். எண்களைத் தாண்டிக் குதிக்காதீர்கள். 80ஆம் எண் போட்ட கீறலை 320ஆம் எண்ணால் அழிக்க முடியாது. தண்ணீர் விட்டுத் தேய்க்கும் தாளை, பட்டிக்கு மேல் அடிக்கும் பிரைமர் சர்ஃபேசருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது உங்கள் உள்ளங்கை. தேய்த்த இடத்தின் மேல் மெல்லிய பருத்தித் துணியை விரித்து, கண்ணை மூடிக்கொண்டு, அடிபடாத பகுதியிலிருந்து அடிபட்ட பகுதி வழியாக மறுபுறம்வரை கையை நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். விரல் நுனிக்குத் தெரியாத மேடு பள்ளம் உள்ளங்கைக்குத் தெரியும். பிறகு கறுப்புப் பெயிண்டை மிக மெல்லிய தூவலாக அடித்து, கட்டையில் தாளைச் சுற்றித் தேயுங்கள். கறுப்பு மிஞ்சி நிற்குமிடம் பள்ளம், முதலில் அழியுமிடம் மேடு. உங்கள் கை சொன்னதும் கறுப்பு சொன்னதும் ஒன்றாக இருக்கும் நாளில், எந்த மேஸ்திரியும் உங்களிடம் கன்னைக் கொடுப்பார்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். காயலான் கடையில் ஒரு பழைய மட்கார்டை வாங்கி வையுங்கள். வேலை முடிந்த மாலைகளில் மேஸ்திரியின் அனுமதியோடு கன்னில் வெறும் தண்ணீரை ஊற்றி அதன் மேல் அடித்துப் பழகுங்கள். கன் தகட்டுக்கு நேராக, 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரத்தில், மணிக்கட்டு மடங்காமல் தோளிலிருந்து நகர வேண்டும். ஒவ்வொரு ஓட்டமும் முந்தைய ஓட்டத்தின் பாதியை மூட வேண்டும். தண்ணீர் வடியாமல் ஒரே சீராக நனைக்கக் கற்றவர் கை, பெயிண்டிலும் பெரிதாகத் தடுமாறாது. பயிற்சி முடிந்ததும் கன்னைத் தின்னரால் கழுவி, ஈரம் ஒரு துளியும் இல்லாமல் உலர்த்தி வையுங்கள்.

மழைக்காலத்தில் அடிக்கும் பெயிண்ட் சில நேரம் பால் ஊற்றியதுபோல் வெளுக்கிறது, சில நேரம் சிறு குமிழிகளாகிறது. கடற்கரை ஊர் என்பதால் இப்படித்தான் இருக்குமா? — வாசகர், நாகப்பட்டினம்

இரண்டுக்கும் காரணம் ஈரம்தான், ஆனால் வழி வேறு. வெளுப்பு என்.சி. (நைட்ரோ செல்லுலோஸ்) லாக்கர் பெயிண்டில் வருவது. வேகமாக ஆவியாகும் தின்னர் தகட்டின் மேற்பரப்பைக் குளிரச் செய்ய, காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் பனியாகப் படிந்துவிடுகிறது. மெதுவாக உலரும் தின்னரைச் சேருங்கள். அடைமழை நாளில் அடிக்காமல் தள்ளிப்போடுங்கள். குமிழி பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்டில் வருவது. அதன் ஹார்டனர் தண்ணீரோடு சேர்ந்தால் கரியமில வாயு உண்டாகும்; அதுவே குமிழியாக நிற்கிறது. ஹார்டனர் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகும் வழக்கத்தை முதலில் நிறுத்துங்கள்.

கம்ப்ரஸரின் டேங்கில் தேங்கும் தண்ணீரைக் காலையும் மாலையும் திறந்து விட வேண்டும். காற்றிலிருந்து ஈரத்தைப் பிரிக்கும் ஃபில்டரைக் கம்ப்ரஸரின் பக்கத்திலேயே மாட்டினால் சூடான காற்றின் ஈரம் ஆவியாகவே அதைக் கடந்துவிடும். குழாய் சில மீட்டர் ஓடிக் காற்று ஆறியபின் மாட்டுங்கள். கன்னில் பெயிண்ட் ஊற்றுவதற்குமுன் முகம் பார்க்கும் கண்ணாடியின் மேல் அரை நிமிடம் வெறும் காற்றை அடித்துப் பாருங்கள். அதில் ஒரு புள்ளி ஈரமோ எண்ணெயோ தெரிந்தால் அன்றைக்கு வேலையைத் தொடங்காதீர்கள்.

12 வருடமாகப் பெயிண்டர். கொஞ்ச காலமாக இரவில் இருமல், நெஞ்சு இறுக்கம். ஞாயிற்றுக்கிழமை சரியாகிவிடுகிறது. கைக்குட்டை கட்டிக்கொண்டுதான் அடிக்கிறேன். தூசி ஒவ்வாமைதானே? — வாசகர், ஓசூர்

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். தயவுசெய்து இந்த வாரமே ஒரு நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். "நான் ஐசோசயனேட் கலந்த பெயிண்ட் அடிக்கிறேன், விடுமுறை நாளில் குறைகிறது" என்று இந்த இரண்டையும் தவறாமல் சொல்லுங்கள். வேலை நாளில் கூடி, ஓய்வு நாளில் குறைவது தொழில்வழி ஆஸ்துமாவின் அடையாளமாக இருக்கக்கூடும்.

பி.யு. பெயிண்டுக்கும் கிளியர் கோட்டுக்கும் (நிறத்தின் மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சு) நாம் சேர்க்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. உடல் ஒருமுறை அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், அதன்பின் மிகச் சிறிய அளவே மூச்சை அடைக்கப் போதும். என்னோடு பத்து ஆண்டுகள் வேலை செய்த ஒருவர், மெட்டாலிக் (உலோகத் துகள் கலந்த பெயிண்ட்) வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை, இப்போது பட்டறைத் தெருவுக்குள் வந்தாலே மூச்சு வாங்குகிறார். தொடக்கத்தில் அவரும் தூசி என்றுதான் சொன்னார். நாங்களும் அதை நம்பினோம்.

கைக்குட்டையும் சாதாரண முகமூடியும் ஆவியைத் தடுக்கவே தடுக்காது. ஆவியை உறிஞ்சும் கார்பன் கேட்ரிட்ஜும் துகளைத் தடுக்கும் ஃபில்டரும் சேர்ந்த, முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தும் முகமூடிதான் குறைந்தபட்சம். தாடி இருந்தால் அது பொருந்தாது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு: ஐசோசயனேட் தீங்கு செய்யும் அளவில் மூக்குக்கு வாசனை தெரியாது, ஆகவே கேட்ரிட்ஜ் தீர்ந்துவிட்டதை வாசனையை வைத்து அறிய முடியாது, தயாரிப்பாளர் சொன்ன கால அளவில் மாற்றிவிட வேண்டும். வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று தரும் முகமூடியே உண்மையான பாதுகாப்பு. நைட்ரைல் கையுறை அணியுங்கள். தோல் வழியாகவும் ஒவ்வாமை வரும். தின்னரால் கை கழுவுவதை இன்றோடு விடுங்கள். அடித்து முடித்த உடனே முகமூடியைக் கழற்ற வேண்டாம், அறையில் மூடுபனிபோல் நிற்கும் தூவல் வெளியேறும்வரை பொறுங்கள். மருத்துவர் ஒவ்வாமை என்று உறுதி செய்தால் கன்னை விட்டுவிட்டு வேறு வேலைக்கு மாறுவது பற்றி முதலாளியிடம் பேசுங்கள். 12 வருட அனுபவம் உள்ள உங்கள் கண் நிறம் பார்க்கவும் வேலையை மேற்பார்க்கவும் பயன்படும். ஆனால் அதுவும் தூவலும் ஹார்டனரும் வராத தனி இடத்தில் இருக்க வேண்டும்.

சில்வர் காரின் ஒரு கதவுக்கு மட்டும் அடித்தேன். கம்பெனி நிற எண்படி கலந்த பெயிண்ட்தான். ஆனாலும் வித்தியாசம் தெரிகிறது. — வாசகர், சென்னை

சில்வர் எல்லோரையும் சோதிக்கும் நிறம். நிற எண் சரியாக இருந்தாலும், வெயிலில் நின்ற கார் அந்த எண்ணிலிருந்து நகர்ந்திருக்கும். அதோடு, உங்கள் கையும் நிறத்தை மாற்றும்: ஈரமாக அடித்தால் அலுமினியத் துகள்கள் ஆழத்தில் அமிழ்ந்து நிறம் கறுக்கும், உலர்வாக அடித்தால் மேலே நின்று வெளுக்கும். முதலில் சிறு தகட்டில் அடித்து, கிளியரும் போட்டு, காய்ந்தபின் வெளியே பகல் வெளிச்சத்தில் காரின் மேல் வைத்து நேராகவும் பக்கவாட்டிலும் பாருங்கள். டியூப் லைட்டில் ஒத்துப்போன நிறம் வெயிலில் பிரிந்துவிடும். கதவின் விளிம்போடு நிறுத்தாமல், பக்கத்துப் பகுதிகளில் நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிட்டு, கிளியரை அந்தப் பகுதிகள் முழுவதற்கும் அடிப்பதுதான் வழி.

40 வருடமாக கேஸ் வெல்டிங்கும் சுத்தியலுமாக வாழ்ந்தவன். புதுக் கார்களின் தகடு பழைய வேலைக்கு இசையவில்லை. எங்கள் தொழில் முடிந்துவிட்டதா? — வாசகர், தஞ்சாவூர்

முடியவில்லை ஐயா. ஆனால் கேஸ் டார்ச்சைக் கீழே வைக்க வேண்டிய இடங்கள் வந்துவிட்டன. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் உள்ள தூண் இப்போது பல கார்களில் சூட்டில் அழுத்தி வடிவமைத்த உயர்வலிமை எஃகு. அதைப் பழுக்கக் காய்ச்சி நிமிர்த்தினால் பார்க்க நேராகத்தான் இருக்கும்; வலிமை போயிருக்கும், அடுத்த விபத்தில் உள்ளே இருப்பவரைக் காக்காது. அதை நிமிர்த்தக் கூடாது; தயாரிப்பாளர் சொல்லும் இடத்தில் வெட்டி மாற்ற வேண்டும். வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். ரேடார் உள்ள பம்பரில் அந்த ரேடாருக்கு முன்னால் இருக்கும் பகுதியில் பட்டி பூச வேண்டாம், ரேடாரின் பார்வை கெடும்.

வெளித்தகட்டில் உங்கள் கைக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது. நீண்டுபோய் டப் டப் என்று உள்ளேயும் வெளியேயும் போகும் தகட்டை, சிறு புள்ளியாகச் சூடாக்கி, டாலி (பின்புறம் தாங்கும் இரும்புக் கட்டை) கொடுத்துத் தட்டி, ஈரத் துணியால் ஆற்றிச் சுருக்கத் தெரிந்த இளைஞர்கள் குறைவு. நாமக்கல்லில் லாரிக்கும் கரூரில் பேருந்துக்கும் பாடி கட்டும் பட்டறைகளில் தகட்டு வேலைக்காரரின் தேவை தீரவில்லை. இரண்டு பிள்ளைகளை உங்களருகில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெண்கள் இந்தத் தொழிலைக் கற்கலாமா? — வாசகி, சேலம்

தாராளமாகக் கற்கலாம். நிறம் கலப்பதிலும் கன் ஓட்டுவதிலும் வேண்டியது பொறுமையும் நிதானமான கையும்தான். ஒரே ஒரு எச்சரிக்கை: கருவுற்றிருக்கும் காலத்தில் தின்னர், பெயிண்ட் ஆவியிலிருந்து முழுமையாக விலகியிருக்க வேண்டும். இதைப் பட்டறையில் சேரும்போதே பேசிவிடுங்கள்.

சொந்தமாகக் கருவி வாங்கக் கொஞ்சம் பணம் சேர்த்திருக்கிறேன். முதலில் எதை வாங்குவது? — வாசகர், திண்டுக்கல்

முதலில் முகமூடி, அதுவும் உங்கள் முகத்தில் பொருத்திப் பார்த்து. அடுத்து தாளைச் சுற்றித் தேய்க்க நல்ல கட்டைகள் இரண்டு, நீளமானது ஒன்றும் குட்டையானது ஒன்றும். அதன்பிறகு கன்: பெயிண்டுக்கும் கிளியருக்கும் 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர் நாசில் (பெயிண்ட் வெளிவரும் துளை). பணம் மிஞ்சினால் பிரைமருக்கு 1.7 அளவில் விலை குறைந்த இன்னொன்று. ஒரே கன்னை இரண்டுக்கும் வைத்துக்கொண்டால் காய்ந்த பிரைமர்த் துகள் கிளியரில் வந்து விழும். கன்னை வீட்டுக்குக் கொண்டுபோனதும் செய்தித்தாளில் அடித்து வடிவம் பாருங்கள். நடுவில் சற்றுப் பருத்து இரு முனையும் கூம்பிய நேரான நீள்வடிவம் வர வேண்டும். வாழைப்பழம்போல் வளைந்தால் ஏர் கேப்பின் (கன் முனையில் காற்று வெளிவரும் மூடி) ஒரு பக்கத் துளை அடைத்திருக்கிறது. அதைக் கம்பியால் குத்தாமல் தின்னரில் ஊறவைத்து, பல் குத்தும் மரக்குச்சியால் எடுங்கள்.