பானைக் குளிர்ச்சி எதுவரை உதவும்?

கேள்வி: எங்கள் தோட்டத்து வீட்டுக்கு இன்னும் மின் இணைப்பு வரவில்லை. பானைக்குள் பானை வைத்து, இடையில் ஈரமணல் நிரப்பினால் கத்திரிக்காய் 27 நாள் வரை வாடாது என்று படித்தேன். நம்பலாமா? பாலையும் அதில் வைக்கலாமா?
- ஒரு வாசகர், தருமபுரி மாவட்டம்

பதில்: நைஜீரியாவின் வடபகுதியைச் சேர்ந்த முகம்மது பா அப்பா என்ற ஆசிரியர் பரப்பிய முறை அது, அதற்காக அவர் 2000ஆம் ஆண்டில் ரோலக்ஸ் விருது பெற்றார். ஆனால் 27 நாள் என்பது வறண்ட காற்று வீசும் அந்த நிலத்தின் கணக்கு. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது என்றாலும், காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் ஆவியாதலே தடைப்படுகிறது. வெப்பம் 40 டிகிரியாகவும் ஈரப்பதம் 20 விழுக்காடாகவும் இருக்கும் இடத்தில் பானை ஏறத்தாழ 23 டிகிரி வரை குளிரக்கூடும். 35 டிகிரியும் 70 விழுக்காடும் உள்ள கடலோரத்தில் 30 டிகிரிக்குக் கீழே இறங்க வழியே இல்லை. உங்கள் பகுதியில் கோடை முழுவதும் இது நன்கு பயன்படும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

வெளிப்பானை சாயமோ மெருகோ பூசாத சுட்ட மண்பானையாக இருக்க வேண்டும். பூந்தொட்டிக்கு அடிப்பது போல அழகுக்கு வண்ணம் அடித்துவிட்டால் நுண்துளைகள் அடைபட்டு, பானை வெறும் பாத்திரமாகிவிடும். உள்ளே எவர்சில்வர் பாத்திரம் வைத்தாலும் குற்றமில்லை. இடைவெளியில் பருமணலை நிரப்பி, காலையும் மாலையும் நீர் ஊற்றி, வாயை ஈரச்சாக்கால் மூடி, அடியிலும் காற்று புகும்படி மூன்று செங்கற்களின் மேல் நிழலில் வையுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு நீரானால் வெளிப்புறத்தில் வெள்ளை படியும். அதைத் தேங்காய் நாரால் அவ்வப்போது தேய்த்துக் கழுவ வேண்டும். கீரை, தக்காளி, கத்திரிக்காய் வைக்கலாம். வெங்காயமும் பூண்டும் இந்த ஈரத்தில் முளைத்தோ அழுகியோ போகும்; அவற்றைக் காற்றாடத் தொங்கவிடுவதே முறை.

பாலுக்கு இது போதவே போதாது. கிருமிகள் பெருகுவது மட்டுப்பட 5 டிகிரிக்குக் கீழே போக வேண்டும். 23 டிகிரி அவற்றுக்கு வசதியான வெப்பம். பாலை உடனே காய்ச்சிப் பயன்படுத்துங்கள், மிஞ்சியதை உறை ஊற்றிவிடுங்கள். கறிக்கும் சமைத்த குழம்புக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

தோட்டத்துக் காய் கூடை கூடையாகச் சேர்கிறது என்றால் பானையை விட, தில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்த குளிர்தொட்டி மேல்: செங்கல்லால் இரட்டைச் சுவர் எழுப்பி, நடுவே 7.5 செ.மீ. இடைவெளியில் மணல் நிரப்பி நனைத்து வந்தால், கொத்தனார் உதவியோடு ஓரிரு நாளில் அமைத்துவிடலாம்.

கேள்வி: கரைக்கு வரும் மீனை மறுநாள் வரை வைத்திருக்க இந்தப் பானை உதவுமா?
- ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்: உதவாது. மீனுக்கு ஐஸ்தான் வேண்டும். குடலையும் செவுளையும் நீக்கிக் கழுவிய மீனை, அதன் எடைக்குச் சமமான உடைத்த ஐஸோடு மாற்றி மாற்றி அடுக்கித் தெர்மாகோல் பெட்டியில் மூடி வையுங்கள். உருகிய நீர் தேங்கினால் மீன் ஊறிக் கெட்டுவிடும் என்பதால், பெட்டியின் அடியில் வடிதுளை இட்டுச் சற்றே சாய்த்து வைப்பது அவசியம்.