ஒகேனக்கல் லாட்ஜ் போர்டுக்கு எந்தச் சொல்?

வணக்கம். ஒகேனக்கல் லாட்ஜுக்கு பெங்களூர்க்காரர்கள் படிக்கிற மாதிரி இங்கிலீஷ் போர்டு வைக்கிறீர்கள். வசதிகளுக்கு மேலே ‘அமெனிட்டீஸ்’ போடுவதா, ‘லக்சுரீஸ்’ போடுவதா என்று கேட்டிருந்தீர்கள்.

அமெனிட்டீஸ்தான் சரி. லக்சுரி என்று எழுதிவிட்டு சாதா ஃபேன் ரூமைக் காட்டினால் வருகிறவர் சண்டைக்கு வருவார். அமெனிட்டீஸ் என்பதில் தங்குகிறவருக்கு இதமானது எல்லாம் அடங்கும். எண்ணெய் மசாஜ் செய்து, அருவியில் நின்றும் பிசுக்கு போகாமல் வருகிறவருக்கு வெந்நீர், சீயக்காய், ஈரத்துணி காயப்போட ஒரு கொடி. இதெல்லாம் உங்களிடம் இருந்தால் வைஃபைக்கு முன்னால் எழுதுங்கள்.

பன்மையிலேயே எழுதுங்கள். முன்னால் ‘பேசிக்’ மட்டும் சேர்க்காதீர்கள். பஞ்சாயத்தில் குடிநீர், தெருவிளக்கு கேட்டுக் கொடுக்கிற மனு மாதிரி ஆகிவிடும். பார்க்கிங், மீட்டிங் ஹால் இருந்தால் ஃபெசிலிட்டீஸும் பொருந்தும். ‘கன்வீனியன்ஸஸ்’ வேண்டவே வேண்டாம், ‘பப்ளிக் கன்வீனியன்ஸ்’ என்றால் பிரிட்டிஷ்காரர்களுக்குப் பொதுக் கழிப்பறை!

அப்புறம், பழைய ஆங்கிலப் புத்தகங்களில் ஒருவருக்கொருவர் அமெனிட்டீஸ் பரிமாறிக்கொண்டார்கள் என்று வந்தால் குழம்ப வேண்டாம். அங்கே அது மரியாதைக்கு நலம் விசாரிப்பது.